பாலம் இல்லாத ஃபோர்க்

கேடிஎம் டியூக்கின் முன்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒசூர்க்காரர்களின் அப்பாச்சி ஆர்ஆர் 310-இலும் அதே அமைப்புதான். தடித்த குழாய் மேலே, பளபளக்கும் மெல்லிய குழாய் கீழே. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இந்த இரட்டைக் காலுக்குப் பெயர் ஃபோர்க். இந்த வகையை மெக்கானிக் கடையில் யுஎஸ்டி ஃபோர்க் என்பார்கள், தலைகீழ் ஃபோர்க். மோட்டோகிராஸ் வண்டிகள் முப்பது வருடத்துக்கும் மேலாக இதில்தான் ஓடுகின்றன. அதே அமைப்பு மவுண்டன் பைக்கில் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை ஆரவாரமாக வந்துவிட்டு, சத்தமில்லாமல் காணாமல் போகிறது. எடை, விலை என்று பல காரணம் சொல்வார்கள். அடியில் இருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஆக்ஸில், அதாவது சக்கரத்தின் நடு அச்சு.

வழக்கமான ஃபோர்க்கை முதலில் உற்றுப் பாருங்கள். கால்களை மேலே இணைக்கும் பிடி கிரௌன். அதிலிருந்து இரண்டு ஸ்டான்ஷன்கள், அதாவது பளபளக்கும் உள்குழாய்கள், இறங்குகின்றன. அவற்றின்மேல் உறைபோல் ஏறி இறங்குவது லோவர். லோவரின் இரண்டு கால்களும் தனித்தனி அல்ல. டயருக்கு மேலே வளைந்து போகும் பாலத்தோடு சேர்த்து மக்னீசியத்தில் ஒரே வார்ப்பாக ஊற்றியது. அந்தப் பாலம் மேலே, ஆக்ஸில் கீழே என்று நான்கு பக்கமும் மூடிய சட்டம். இடது கால் முன்னாலும் வலது கால் பின்னாலும் போகப் பார்த்தால் அந்தச் சட்டம் விடாது.

தலைகீழாகத் திருப்பினால் அந்தப் பாலத்துக்கு இடமே இல்லை. ஸ்டான்ஷன்கள் கீழிருந்து மேலே குழாய்க்குள் புகவேண்டும். பாலத்தை அவற்றில் எங்கே மாட்டினாலும் வெளிக்குழாயில் இடிக்கும். ஆகவே மேலே கிரௌன், கீழே ஆக்ஸில், நடுவில் வெறும் காற்று. போதாக்குறைக்கு ஸ்டான்ஷன் உருண்டை. வெளிக்குழாய்க்குள் அது தன்பாட்டுக்குச் சுழலும். சக்கரத்தைக் கழற்றினால் இரண்டு கால்களும் கதவுக் கைப்பிடிபோல் திரும்புவதைப் பார்க்கலாம். சக்கரம் முறுக்கும்போது தடுத்து நிறுத்துவது ஆக்ஸிலும், அது ஹப்பையும் (சக்கரத்தின் நடுக்குடம்) கால்களையும் இறுகப் பிடிக்கிற பிடியும் மட்டும்தான்.

இவ்வளவு தொல்லையை ஏன் மெனக்கெட்டு இழுத்துக்கொள்ள வேண்டும்? முன்பின் வளைவுக்காக. ஆக்ஸிலிலிருந்து கிரௌன் வரை 550 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கல்லில் மோதி ஆக்ஸிலை 500 நியூட்டன் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆக்ஸிலுக்கு 200 மி.மீ. மேலே ஃபோர்க் தாங்கும் திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். கிரௌனில் அதுவே 275. சுமை மேலே போகப்போகக் கூடுகிறது. ஆக, தடித்த குழாய் மேலே இருப்பதுதான் முறை. மரம் அடியில்தான் பருத்திருக்கும், நுனியில் அல்ல. வழக்கமான ஃபோர்க்கில் 36 மி.மீ. ஸ்டான்ஷன் கிரௌனில் நிற்கிறது. தலைகீழ் ஃபோர்க்கில் அந்த இடத்தில் 46 மி.மீ. குழாய் இருந்தால், சுவர்க் கனம் ஒன்றே என்று கொண்டால், விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல். குழாயின் விறைப்பு விட்டத்தை மூன்றுமுறை பெருக்கிய கணக்கில் கூடுவதால் 10 மி.மீ. வித்தியாசம் இவ்வளவு வேலை செய்கிறது.

இரண்டாவது லாபம் உராய்வில். இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் ஓட்டும்போது கையில் தெரிவது இதுதான். குழாய் குழாய்க்குள் வழுக்குவதற்கு நடுவே இருக்கும் வளையம்தான் புஷ், காலுக்கு இரண்டு. வழக்கமான ஃபோர்க்கில் இரண்டு புஷ்களும் லோவருக்குள் இருக்கின்றன. ஆக்ஸிலிலிருந்து அவற்றின் தூரம் எப்போதும் மாறாது. கீழ் புஷ் 220 மி.மீ. உயரத்தில், மேல் புஷ் 350-இல் என்றால் இடைவெளி 130. ஆக்ஸிலில் ஒரு பங்கு விசை பின்னுக்குத் தள்ளினால் கீழ் புஷ் தாங்குவது ஏறக்குறைய 2.7 பங்கு, மேல் புஷ் 1.7. மொத்தம் 4.4 பங்கு அழுத்தத்தில் புஷ்கள் உரசுகின்றன. தலைகீழ் ஃபோர்க்கில் வெளிக்குழாய் நீளமானது, புஷ்களை 200 மி.மீ. இடைவெளியில் வைக்க இடம் உண்டு. முழுக்க நீண்ட நிலையில் கீழ் புஷ் ஆக்ஸிலிலிருந்து 230 மி.மீ. என்றால் மொத்த அழுத்தம் 3.3 பங்கு. பாதிப் பயணம் (ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரத்தில் பாதி) உள்ளே போனதும் அந்தத் தூரம் 145 ஆகச் சுருங்கும், அழுத்தமும் 2.5-ஐ ஒட்டி இறங்கும். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் அமுங்க அமுங்க உராய்வு குறையும் போக்கு மாறாது. பிரேக் பிடித்துக்கொண்டே கற்களில் இறங்கும்போது முன்சக்கரம் தத்தாமல் ஒட்டிப்போவதற்குக் காரணம் இது. ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள எடை குறைகிறது என்று விளம்பரங்கள் சொல்வதும் உண்மைதான், ஆனால் அதைவிட இந்த உராய்வு விஷயம் பெரியது என்பது என் கணிப்பு.

அந்த ஆக்ஸில் தொல்லையை ஒவ்வொருவரும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் இந்த ஃபோர்க்குகளின் வரலாறு. மார்சோக்கி ஷிவரும் மானிட்டூ டொராடோவும் டவுன்ஹில் பைக்குகளுக்கு வந்தவை. இரட்டைக் கிரௌன் போட்டு, 20 மி.மீ. ஆக்ஸில் போட்டு, எடையைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டார்கள். டொராடோவில் ஆக்ஸில் முனையை அறுகோணமாக்கி, காலுக்குள் சுழலவே முடியாமல் செய்தார்கள். ராக்ஷாக்ஸைத் தொடங்கிய பால் டர்னர் பிறகு மேவரிக் நிறுவனத்தில் செய்த டியூக்32-க்கு 24 மி.மீ. ஆக்ஸில், அதற்கென்றே தனி ஹப்.

கேனண்டேல் லெஃப்டி இன்னொரு திசையில் போனது. இரண்டு கால்களைக் கட்டிவைப்பதுதானே பிரச்சினை, ஒரு காலை எடுத்துவிட்டால்? பழைய லெஃப்டியில் உள்குழாயின் ஒரு பகுதியை நான்கு தட்டையான முகங்களாகச் சீவி, முகத்துக்கு 22 வீதம் 88 ஊசி பேரிங்குகளில் ஓடவிட்டார்கள். தட்டை முகம் இருப்பதால் சுழலவே வழியில்லை. முறுக்குக்கு ஆக்ஸிலை நம்பாத தலைகீழ் ஃபோர்க் என்றால் அதுதான். அதற்கும் ஒரு வியாதி உண்டு: பேரிங் பட்டைகள் ஓட ஓட இடம் நகர்ந்து, பயணம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காற்றை இறக்கிவிட்டுக் காலைக் கீழ்நோக்கி ஓங்கி இழுத்து அவற்றைப் பழைய இடத்துக்குத் தள்ளவேண்டும்.

2014-இல் ராக்ஷாக்ஸ் ஆர்எஸ்-1 வந்தது. கிராஸ்கன்ட்ரி பைக்குக்கு 32 மி.மீ. ஸ்டான்ஷன், ஒரே துண்டாகச் செய்த கார்பன் மேல்பாகம். ஆக்ஸில் 15 மி.மீ.தான். ஆனால் ஹப்புக்குள் 27 மி.மீ. தடிமனில் ஒரு முறுக்குக் குழாய் வைத்து, அதன் முனைகள் கால்களில் அகலமாக உட்காரும்படி செய்தார்கள். கணக்குப் பார்த்தால் புத்திசாலித்தனம்: 15-லிருந்து 27-க்குப் போனால் விறைப்பு கிட்டத்தட்ட ஆறு மடங்கு. சந்தையில் அதுவே எமனாகவும் ஆனது. அந்த ஹப் இல்லாமல் ஃபோர்க் இல்லை, கையில் இருக்கும் நல்ல வீல்செட் உதவாது. இன்று பழைய ஆர்எஸ்-1 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் ஹப்போடு சேர்த்துக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2025-இல் வந்த ஃபாக்ஸ் போடியம் 36 மி.மீ. ஸ்டான்ஷனோடு 20 மி.மீ. ஆக்ஸிலுக்கே திரும்பிவிட்டது. 15-க்கும் 20-க்கும் நடுவே, அதே சுவர்க் கனத்தில், விறைப்பு 2.4 மடங்கு. எடை சுமார் 2.7 கிலோ. இந்த அமைப்பை ஒழுங்காகச் செய்தால் எடை இங்கேதான் வந்து நிற்கும் என்பதை ஒப்புக்கொண்ட ஃபோர்க் அது.

சக்கரம் மாட்டும் முறை

வழக்கமான ஃபோர்க்கில் ஆக்ஸிலைச் சொருகி, முறுக்கி, போய்விடலாம். இதில் அப்படிச் செய்தால் பாதிப் பணம் வீண். வாங்கியவர்கள் "ஜாம் ஆகிறது, இறுக்கமாக இருக்கிறது" என்று சொல்லும் புகார்களில் பெரும்பகுதி இங்கே தொடங்குவதுதான்.

ஆக்ஸிலைக் காலோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு போல்ட்கள்தான் பின்ச் போல்ட்கள். அவை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். ஆக்ஸிலையும் அது உட்காரும் துளையையும் துணியால் துடையுங்கள். மணல் ஒரு துகள்கூட இருக்கக்கூடாது. மரையில் மட்டும் கிரீஸ், பிடிக்கும் பரப்பு உலர்ந்திருக்கட்டும். கால்கள் தாமாகத் திரும்பும் என்பதால் ஒரு கையால் காலிப்பரை (பிரேக் பேடுகள் இருக்கும் பகுதி) ரோட்டருக்கு (பிரேக் தட்டு) நேராகப் பிடித்துக்கொண்டே சக்கரத்தை ஏற்றுங்கள். பேடுகளில் ரோட்டரை இடித்து ஏற்றாதீர்கள். ஆக்ஸிலை நுழைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பிறகு மரை இருக்கும் பக்கத்துக் காலின் பின்ச் போல்ட்களை மட்டும் இறுக்குங்கள். மறுபக்கம் இன்னும் தளர்வாகவே இருக்கட்டும்.

இப்போது சக்கரத்தைத் தரையில் வைத்து, முன் பிரேக்கைத் தொடாமல், ஃபோர்க்கை நாலைந்து முறை பாதிப் பயணம் வரை அமுக்குங்கள். தளர்வாக இருக்கும் கால் ஆக்ஸில்மேல் இடவலமாக வழுக்கி, தனக்கு இயல்பான இடத்தில் போய் நிற்கும். இந்த ஒரு வேலைதான் முக்கியம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து பின்ச் போல்ட்களை இறுக்கலாம். இரண்டு போல்ட் இருந்தால் மாறி மாறி, மூன்று சுற்றில். ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும் என்பதால் ஒரே சுற்றில் முடியாது. எம்5 போல்ட் என்றால் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், ஆனால் காலிலேயே அச்சிட்டிருக்கும் எண்தான் கடைசி வார்த்தை.

அமுக்காமல் இறுக்கினால் என்ன ஆகும்? கால் அரை மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ இழுத்தபடி பூட்டிவிடும். ஃபோர்க் நீண்டு நிற்கும்போது ஸ்டான்ஷனின் வெளியே தெரியும் பகுதி நீளமாக இருப்பதால் அது வளைந்து கொடுக்கும், ஒன்றும் தெரியாது. உள்ளே போகப்போக வெளிப்பகுதி குட்டையாகி வளைய மறுக்கும், அந்த அரை மில்லிமீட்டர் முழுக்கப் புஷ்ஷின் பக்கச்சுவரில் அழுத்தமாக விழும். ஆரம்பத்தில் வெண்ணெய், பாதிக்கு மேல் கல் என்று தோன்றினால் டாம்பரை (ஃபோர்க்கின் அசைவை அடக்கும் எண்ணெய்ப் பாகம்) குறைசொல்லும் முன் பின்ச் போல்ட்களைத் தளர்த்திப் பாருங்கள். சந்தேகம் தீர, காற்றழுத்தத்தைக் குறித்துவைத்துக்கொண்டு முழுக்க இறக்கிவிட்டு, கையால் மெதுவாக அமுக்கி இழுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனமாக இருக்கவேண்டும்.

ஹப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 15 மி.மீ. ஆக்ஸில் உள்ள தலைகீழ் ஃபோர்க் என்றால், அது ஏற்றுக்கொள்ளும் அகலமான எண்ட்கேப்களை (காலோடு ஒட்டும் முனை மூடிகள்) ஹப்பில் போடுங்கள். ஸ்ராம் நிறுவனத்தின் டார்க் கேப் எண்ட்கேப் 31 மி.மீ. விட்டம், சாதாரண எண்ட்கேப் 21 மி.மீ. ஒட்டியது. காலோடு ஒட்டும் பரப்பு கூடினால் ஆக்ஸில் மூட்டு அசைவது குறையும். இங்கே செலவழிக்கும் தொகை வேறெந்த மேம்பாட்டையும்விட உருப்படியானது.

பிரேக்கும் முறுக்கும்

காலிப்பர் இடது காலில் இருக்கிறது. பிரேக் பிடித்தால் அந்தத் திருப்புவிசை முழுக்க இடது ஸ்டான்ஷனில் இறங்கும். வழக்கமான ஃபோர்க்கில் பாலம் பாதியை வலது காலுக்குக் கடத்திவிடும். இங்கே ஆக்ஸில் பிடி எவ்வளவு கடத்துகிறதோ அவ்வளவுதான். மிச்சம், முன்சக்கரம் ஒரு மயிரிழை திரும்புவதாகக் கையில் தெரியும். சின்ன ரோட்டர் போட்டால் இது குறையும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. குறையாது. ஒரே வேகக்குறைப்புக்குச் சக்கரத்தில் தேவைப்படும் திருப்புத்திறன் ஒன்றே. ரோட்டர் சிறிதானால் காலிப்பர் இழுக்கும் விசை கூடுமே தவிர மொத்தம் மாறாது.

கடையில் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி ஹேண்டில்பாரைத் திருகிப்பார்க்கும் பரீட்சையும் அப்படித்தான். அதில் தலைகீழ் ஃபோர்க் தோற்கத்தான் செய்யும். ஆனால் அதே பரீட்சையில் டயரும் ஆரங்களும் சேர்ந்தே வளைகின்றன. ஓட்டும்போது முறுக்கு வெளிப்படுவது குறிப்பிட்ட இடங்களில்: ஆழமான தடத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டு வெளியேறப் பார்க்கும்போது, குறுக்காகத் தரையிறங்கும்போது, கனமான ஆள் மெதுவான கூர்வளைவில் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பும்போது. சரிந்த பாறைப்பரப்பில் இதே தளர்வு, சக்கரம் தானாக வழிதேடிக்கொள்ள உதவுவதாகச் சிலர் விரும்புகிறார்கள். அதில் நியாயம் உண்டு. 32 மி.மீ. ஸ்டான்ஷனும் 15 மி.மீ. ஆக்ஸிலும் வைத்து 90 கிலோ ஆள் சொல்லும்போது மட்டும் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

எண்ணெயும் சீலும்

பழைய பழக்கங்களை இங்கே புரட்டிப்போட வேண்டும். வழக்கமான ஃபோர்க்கில் எண்ணெய் லோவரின் அடியில் தேங்கும், எண்ணெயை வெளியே விடாமல் நிறுத்தும் ரப்பர் வளையமான சீல் மேலே காய்ந்து கிடக்கும். அதனால்தான் ஓட்டுமுன் பைக்கைக் கொஞ்சநேரம் கவிழ்த்து வைக்கச் சொல்வார்கள். தலைகீழ் ஃபோர்க்கில் எண்ணெய் தானாகவே சீலின்மேலும் கீழ் புஷ்ஷின்மேலும் நிற்கிறது. கவிழ்த்தால் எண்ணெய் சீலை விட்டு ஓடிவிடும், கவிழ்க்கத் தேவையில்லை. நீண்டநாள் நிறுத்தினாலும் சக்கரங்கள் தரையில் இருக்கும்படியே நிறுத்துங்கள்.

அதே காரணத்தால் சீல் தேய்ந்தால் ஈவிரக்கம் கிடையாது. வழக்கமான ஃபோர்க் சீல் பழுதானால் ஸ்டான்ஷனில் கொஞ்சம் அழுக்கு வளையம் வரும், ஒரு மாதம் தள்ளலாம். இதில் புவியீர்ப்பு எண்ணெயை நேரே கீழே அனுப்பும். கீழே, இடதுபக்கம், ரோட்டர் இருக்கிறது. இடது காலின் அச்சுப்பிடி அருகே ஒரு சொட்டு ஈரம் கண்டால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீட்கலாம். எண்ணெய் குடித்த ஆர்கானிக் பேடைத் தேய்த்தாலும் சுட்டாலும் மீட்க முடியாது, தூக்கிப்போடுங்கள்.

கசிகிறது என்றவுடன் சீலை மாற்றிவிடாதீர்கள். பலமுறை சீல் உதட்டில் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கும். டஸ்ட் சீல் (தூசியைத் தடுக்கும் வெளி வளையம்) தனியாகக் கழலும் மாடலில், அதைக் கீழே இறக்கி, பழைய கேமரா நெகட்டிவ் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை எண்ணெய் சீலுக்கும் ஸ்டான்ஷனுக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் அழுக்கு கூடவே வரும். பட்டையின் முனை வழவழப்பாக இருக்கட்டும். மோட்டோகிராஸ் மெக்கானிக்குகளின் பழைய வித்தை இது.

இன்னொரு காரணம் உள்ளே அடைபட்ட காற்று. சமவெளியில் சர்வீஸ் செய்து மலைமேல் கொண்டுபோனால் வெளியழுத்தம் குறையும், குழாய்க்குள் அடைபட்ட காற்று எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். வெளிக்குழாயின் மேல்முனையில் பிளீட் திருகு (அடைபட்ட காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால், ஃபோர்க்கை முழுக்க நீளவிட்டு அதை ஒருமுறை திறந்து மூடுங்கள். அது காற்று ஸ்பிரிங்கின் வால்வு அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சீல் மாற்றியே ஆகவேண்டுமென்றால் வரிசைதான் எல்லாம். ஸ்டான்ஷனின் மேல்முனை வழியாக முதலில் டஸ்ட் சீல், பிறகு வட்டக் கிளிப், பிறகு எண்ணெய் சீல், பிறகு வாஷர், கடைசியில் புஷ். எண்ணெய் சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்க்கவேண்டும், அதாவது மேலே. ஸ்டான்ஷன் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஏற்றினால் உதடு கிழியாது. கிளிப்பை மறந்துவிட்டுச் சீலை அடித்து இறக்கியபின் நினைவுக்கு வந்தால் அந்தச் சீல் போயிற்று. வெளியே எடுக்கும்போது கெட்டுவிடும். எண்ணெய் அளவைக் கையேட்டில் பார்த்து, ஊசிக்குழாயால் அளந்து ஊற்றுங்கள். கூடினால் பயணத்தின் கடைசிப் பகுதி இறுகி, சீலுக்கும் அழுத்தம் கூடும்.

ஸ்டான்ஷன் கீழே இருப்பதால் டயர் எறியும் கல்லுக்கு அதுதான் இலக்கு. கவசத்தை அழகுக்காகக் கழற்றாதீர்கள். கீறல் விழுந்தால் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லையென்றால் விட்டுவிடலாம். மாட்டினால், ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியை ஊசிமுனையால் பள்ளத்தில் நிரப்பி, ஒரு நாள் உலரவிட்டு, 2000-ஆம் எண் எமரி தாளைத் தண்ணீரில் நனைத்து மேட்டை மட்டும் தேயுங்கள். குறுக்காகப் போகும் கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். நீளவாக்கில் போவது எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டும். இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம்.

ஆள் ஏறியதும் ஃபோர்க் அமுங்கும் அளவுதான் சாக். அதை அளக்கும் ரப்பர் வளையத்தைச் சீலுக்கு அடியில் ஒட்டி வைத்து, ஏறி நின்று, இறங்கிப் பார்த்தால் அது கீழே தள்ளப்பட்டிருக்கும். டிரெயில் பைக்குக்கு மொத்தப் பயணத்தில் 15 முதல் 20 சதவீதம் போதும். உராய்வு குறைந்த ஃபோர்க் என்பதால் பழைய ஃபோர்க்கில் வைத்த அழுத்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. சாக் பார்த்து வையுங்கள், அழுத்தமானியைப் பார்த்து அல்ல.

வாங்கும் முன் உங்கள் ஃபிரேமில் ஒன்றைச் சரிபாருங்கள். மேலே இருப்பது தடித்த குழாய். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பும்போது அது ஃபிரேமின் கீழ்க்குழாயில் போய் இடிக்கலாம். இரட்டைக் கிரௌனில் இதற்கு ரப்பர் தடுப்பான் கூடவே வரும். ஒற்றைக் கிரௌனில் பெரும்பாலும் வராது. ஃபோர்க்கை மாட்டியதும் ஹெட்செட்டை இறுக்கும் முன் ஒருமுறை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கார்பன் ஃபிரேம் என்றால் இன்னும் மெதுவாக.